வாய்ப்புற்று: காலத்தே கண்டறிதல்

உலகில் வாய்ப்புற்றுநோய்க்கு ஆளாவோரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இந்தியர் என்பது நம் உறுப்பினர்களில் பலர் அறியாத செய்தியாகும். 2022-ஆம் ஆண்டைப் பற்றிய உலக மதிப்பீட்டின்படி, அவ்வாண்டில் உதட்டிலும் வாயினுள்ளும் புற்று கண்டவர்கள் ஏறத்தாழ 3,90,000 பேர். அவர்களுள் 1,40,000-க்கு மேற்பட்டோர் நம் நாட்டினர். அதே ஆண்டில் இந்நோயால் மாண்ட இந்தியர் ஏறக்குறைய 80,000 பேர்.

இத்தொகையைக் காட்டிலும் நம்மை வருத்துவது மற்றொன்று. இரைப்பையில் புற்று தோன்றினால் உள்ளே குழாய் செலுத்திப் பார்க்க வேண்டும். நுரையீரலில் தோன்றினால் படம் எடுக்க வேண்டும். வாயோ எனின், திறந்தால் தெரியும் இடம். ஒரு கைவிளக்கும், பார்க்கத் தெரிந்த கண்ணும் போதும். அப்படியிருந்தும் நம் நாட்டில் இந்நோயோடு மருத்துவமனைக்கு வருவோரில் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே வருகின்றனர். காண்பதற்கு எளிதான நோய் காணப்படாமல் போவது ஏன், அதனைக் காண்பது எவ்வாறு என்பவையே இம்மாதப் பாடம்.

நூலையும் நாற்றையும் பற்றி எழுத வேண்டிய இதழில் நோயைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. நெசவாளி தறிக்குழியில் அமர்ந்து பீடி பற்ற வைக்க இயலாது. பாவின்மேல் ஒரு பொறி விழுந்தால் பல நாள் உழைப்பு கருகிவிடும். கைகள் நாடாவிலும் பலகையிலும் ஓய்வின்றி இயங்குவதால், வாயில் அடக்கிக் கொள்ளும் புகையிலையே அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. வயலில் களை பறிக்கும் பெண்டிர் பசியை மறக்க வெற்றிலை பாக்குடன் புகையிலைக் காம்பைச் சேர்த்துக்கொள்வது தலைமுறை தலைமுறையாக நாம் காண்பது. அம்பத்தூரில் 1964-ஆம் ஆண்டில் தொழிற்பேட்டை அமைந்த பின்னர், இயந்திரத்தின் அருகே புகைபிடித்தல் தடுக்கப்பட்ட பட்டறைகளிலும் இதே கதைதான். இன்று அப்பேட்டையின் தேநீர்க்கடை ஓரங்களில் நின்று கவனித்தால், உள்ளூர்த் தொழிலாளி மாவாவையும், வடமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளி உள்ளங்கையில் சுண்ணாம்பு சேர்த்துத் தேய்த்த கைனியையும் உதட்டிடுக்கில் வைப்பதைக் காணலாம். பெயர் வேறு, வாயில் நிகழ்வது ஒன்றே. 2016-17-இல் நடந்த நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் பத்தில் ஒருவர் மெல்லும் அல்லது அடக்கும் புகையிலையைப் பழகியவர்.

இனி நம் உறுப்பினர்களில் வெற்றிலைக் கொடிக்கால் உடையோரும் இருக்கின்றனர். அவர்களுடைய பிழைப்பையும் இப்பாடம் தொடுவதால், அதனை மழுப்பாமல் பேசவே விரும்புகின்றோம்.

அறிந்த வரலாறு

இந்நோய்க்கும் நம் பழக்கத்துக்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய நிப்லாக் என்னும் அறுவை மருத்துவர், இந்தியாவில் புற்றுநோய் பற்றி 1902-ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் எழுதினார். 1933-ஆம் ஆண்டில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கிய நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய ஆர் என்பவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்வோரிடம் காணும் வாய்ப்புற்றைப் பற்றி இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் இதழில் விரிவாக எழுதினார். நெய்யூர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1956-இல்தான் அப்பகுதி நம் மாநிலத்தோடு இணைந்தது. மேலைநாட்டில் நாக்கிலும் நாவடியிலும் மிகுதியாகத் தோன்றும் இப்புற்று, நம் நாட்டில் கன்னத்தின் உட்புறத்திலும், கன்னமும் கீழ் ஈறும் சேரும் மடிப்பிலும் மிகுந்து தோன்றுகின்றது. மென்ற உருண்டையை நம்மவர் அடக்கி வைப்பது அந்த மடிப்பில்தானே! சான்று தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

புகையிலை தீது என்பதை ஒப்புக்கொள்வோரும், வெறும் வெற்றிலை பாக்கினால் தீங்கு இல்லை என்று நெடுங்காலம் நம்பினர். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் 1985-இல் இப்பொருளை ஆராய்ந்தபோது, புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றை விளைவிக்கும் என்று மட்டுமே துணிந்து கூறியது. புகையிலை சேராததைப் பற்றி முடிவு கூறச் சான்று போதவில்லை என்றது. அதன் பின்னர் தைவான் போன்ற நாடுகளிலிருந்து சான்றுகள் குவிந்தன. அங்கே மெல்லுவோர் புகையிலை சேர்ப்பதில்லை. ஆயினும் வாய்ப்புற்று மிகுந்திருந்தது. 2004-இல் வெளியான அந்நிறுவனத்தின் நூலில், புகையிலை சேர்ந்த தாம்பூலம், சேராத தாம்பூலம், பாக்கு ஆகிய மூன்றுமே மனிதர்க்குப் புற்றை விளைவிப்பன என்று ஐயத்துக்கு இடமின்றி வகுக்கப்பட்டன.

பாக்கில் உள்ள அரிகோலின் என்னும் பொருள், வாயின் உட்தோலுக்குக் கீழே நார்த்திசுவைப் பெருகச் செய்கின்றது. சுண்ணாம்பு சேரும்போது வாயில் காரத்தன்மை மிகுந்து, பாக்கிலிருந்து உயிரணுக்களைச் சிதைக்கும் பொருள்கள் தோன்றுகின்றன. புகையிலையில் உள்ள நைட்ரசமீன்கள் என்பவை தாமே புற்றைத் தோற்றுவிக்க வல்லவை. மதுவும் சேர்ந்தால் இத்தீங்கு கூட்டல் கணக்கில் வளராது, பெருக்கல் கணக்கில் வளர்கின்றது. எத்தனை ஆண்டு, நாளொன்றுக்கு எத்தனை முறை என்பதைப் பொறுத்து இடர் ஏறுகின்றது. இரவில் கன்னத்தில் அடக்கியபடியே உறங்குவோர் பிறரினும் மிகுந்த இடருக்கு உள்ளாகின்றனர்.

வெற்றிலையின் நிலை யாது? மேலே கூறிய மூன்றில் தனி வெற்றிலை இடம்பெறவில்லை என்பதைக் கொடிக்கால் உழவர் கவனிக்க வேண்டும். குற்றம் சாட்டப்படுவன பாக்கும், புகையிலையும், அவற்றோடு சேரும்போது சுண்ணாம்பும். ஆகவே நிச்சயதாம்பூலத் தட்டில் வெற்றிலை வைப்பதையோ, விருந்தினர்க்கு மரியாதையாக அளிப்பதையோ நாம் குறை கூறவில்லை. ஆனால் நாள்தோறும் விற்கும் கவுளிகளில் பெரும்பகுதி பாக்கோடும் புகையிலையோடும் வாய்க்குள் செல்கின்றது என்பதை மறைத்துப் பேசினால் அது நேர்மையாகாது. சோழவந்தான் வெற்றிலையும் ஆத்தூர் வெற்றிலையும் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. இலைக்கு மருந்து வகையிலும் எண்ணெய் வகையிலும் வேறு பயன் தேடும் முயற்சியை உழவர் சங்கங்களே முன்னின்று கேட்டுப் பெறுதல் நலம் என்பது எமது கருத்து. உழவரின் கொடியையும் காப்பாற்றி, மெல்பவரின் கன்னத்தையும் காப்பாற்ற வேறு வழி எமக்குத் தோன்றவில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் குட்காவும் பான்மசாலாவும் 2001-ஆம் ஆண்டு நவம்பரில் முதன்முறை தடை செய்யப்பட்டன. அவ்வகைத் தடைகள் 2004-இல் உச்சநீதிமன்றத்தில் நிற்கவில்லை. பின்னர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2013 மே மாதத்தில் மீண்டும் தடை வந்தது. பொட்டலத்தைத் தடுக்கச் சட்டம் உதவும். மடியில் இருக்கும் சுருக்குப்பையை அது சோதிக்க முடியாது. பள்ளிச் சிறுவர் இனிப்பு தடவிய பாக்குத்தூளிலிருந்து இப்பழக்கத்தைத் தொடங்குகின்றனர் என்பதையும் பெற்றோர் கருத வேண்டும்.

வாய் தரும் முன்னறிவிப்பு

புற்று ஒரே நாளில் தோன்றுவதில்லை. பெரும்பாலும் பல ஆண்டுகள் முன்னதாகவே வாயின் உட்தோல் நிறம் மாறியோ தடித்தோ எச்சரிக்கை தருகின்றது. இதனை உழவரும் நெசவாளரும் எளிதில் உணர்வர். கொடிக்காலில் ஓர் இலையில் புள்ளி கண்டவுடன் கொடி முழுவதும் வாடும்வரை யாரேனும் காத்திருப்பரா? ஊடையில் ஓர் இழை அறுந்ததைக் கண்டும் முழம் முழமாக நெய்துகொண்டே போவரா?

முதலாவது முன்னறிவிப்பு வெண்படலம். கன்னத்தின் உட்புறத்திலோ, ஈறிலோ, நாக்கின் ஓரத்திலோ வெள்ளைத் திட்டாகத் தோன்றும். துணியால் துடைத்தாலும் நகத்தால் சுரண்டினாலும் அகலாது. அதனை வாயில் ஒட்டிய சுண்ணாம்பு என்றே பலர் எண்ணிவிடுகின்றனர். எல்லா வெண்படலமும் புற்றாக மாறுவதில்லை. சிறு பங்கே மாறும். ஆனால் எது மாறும், எது மாறாது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து உறுதி கூற மருத்துவராலும் இயலாது. அதனினும் அஞ்ச வேண்டியது செம்படலம். வெல்வெட்டுத் துணி போன்ற சிவந்த திட்டு. இது வெண்படலத்தைவிட அரிதாகத் தோன்றினும், தோன்றியவற்றுள் பெரும்பான்மை புற்றாகவோ புற்றின் வாயிலாகவோ இருக்கும். வெண்மையும் சிவப்பும் கலந்த திட்டையும் இவ்வாறே கருதுக.

மூன்றாவது, வாய் திறப்புக் குறைதல். காரக் குழம்பு வாயில் பட்டால் முன்னில்லாத எரிச்சல். உட்கன்னம் வெளிறி, நார் ஓடியது போல் இறுகுதல். நாளடைவில் வாயை அகலத் திறக்க முடியாமை. கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இந்நிலையைக் கண்டு 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் எழுதினார். அடுத்த ஆண்டு பம்பாயில் ஜோஷி என்பவர் எழுதினார். பாக்கே இதற்கு முதன்மைக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. இதனை வீட்டிலேயே அறியலாம். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கு இடையே நுழைக்க வேண்டும். தம் விரல் மூன்றும் தம் வாயில் நுழையாவிடில் மருத்துவரைக் காண்பது கடமை. பொட்டலப் பாக்குக்கு அடிமையான இருபது வயது இளைஞரிடமும் இந்நிலை காணப்படுவதுதான் கவலைக்குரியது. பழக்கத்தை விட்டாலும் இறுகிய நார் முழுதும் பழைய நிலைக்குத் திரும்பாது; ஆயினும் மேலும் இறுகுவது தடைபடும்.

நான்காவது, ஆறாத புண். கூரிய பல் குத்தியோ, சூடு பட்டோ, உடற்சூட்டினாலோ வரும் புண் பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண்ணைச் சாதாரணப் புண் என்று எண்ணலாகாது. தடித்த ஓரம், தொட்டால் கசியும் குருதி, காரணமின்றி ஆடும் பல், திடீரெனப் பொருந்தாமற்போகும் கட்டுப்பல், நாக்கை அசைப்பதில் தடை, தாடைக்கடியில் அல்லது கழுத்தில் வலியற்ற கட்டி, உதட்டில் மரத்த உணர்வு ஆகியவையும் இவ்வகையிலே சேரும்.

இவற்றுள் வலி என்பதை நாம் குறிக்காததைப் படிப்போர் கவனித்திருப்பர். தொடக்க நிலையில் இந்நோய்க்குப் பெரும்பாலும் வலி இல்லை. நம்மவர் காலம் தாழ்த்துவதற்கு இதுவே பெருங்காரணம். வலித்தால் ஒருநாள் கூலியை விட்டேனும் மருத்துவரிடம் ஓடும் தொழிலாளி, வலியாத திட்டை ஆண்டுக்கணக்கில் சுமக்கின்றார். வலி தோன்றும்போது புற்று எலும்பையோ நரம்பையோ எட்டியிருக்கக்கூடும்.

திருவனந்தபுரத்தில் நடந்த சோதனை

காலத்தே கண்டறிந்தால் உயிர் பிழைக்கும் என்பது வெறும் நம்பிக்கையா, நிறுவப்பட்ட உண்மையா? இதற்கு விடை தேடிய பெரிய ஆய்வு நம் அண்டை மாநிலத்திலேயே நடந்தது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்தவர்கள், மருத்துவர் சங்கரநாராயணன் முதலானோர் தலைமையில், 1996 முதல் 13 ஊராட்சிப் பகுதிகளை எடுத்துக்கொண்டனர். சீட்டுக் குலுக்கியது போல ஏழு பகுதிகள் ஒரு பிரிவாகவும், ஆறு பகுதிகள் மற்றொரு பிரிவாகவும் வகுக்கப்பட்டன. முதற்பிரிவில் 35 வயதும் அதற்கு மேலும் ஆன 96,517 பேர். மற்றதில் 95,356 பேர். முதற்பிரிவினரின் வீடுகளுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை சுகாதாரப் பணியாளர் சென்று வாயைப் பார்த்தனர். அவர்கள் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற பட்டதாரிகள். கருவி, கைவிளக்குதான். மற்றப் பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும் இருந்தது.

மூன்று சுற்று முடிந்து 2005-இல் முடிவு வெளியாயிற்று. பார்க்கப்பட்ட பிரிவில் 205 பேருக்குப் புற்று கண்டறியப்பட்டு 77 பேர் மாண்டனர். மற்றப் பிரிவில் 158 பேருக்குக் கண்டறியப்பட்டு 87 பேர் மாண்டனர். அதாவது, தேடிய இடத்தில் நோய் மிகுதியாகக் கண்டது; மரணமோ குறைந்தது. எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று கணக்கியலார் கூறினர். புகையிலையோ மதுவோ பழகியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது ஐயம் அகன்றது. அவர்களிடையே மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இரு பிரிவிலும் இந்நோயால் மாண்ட 164 பேரில் 155 பேர் அவ்வாறு பழகியவர்களே. ஆகவே, யாருடைய வாயை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

அதே ஆய்வில் நம் சிந்தனைக்குரிய மற்றோர் எண் இருக்கின்றது. வாயைப் பார்த்து ஐயத்துக்குரியது என்று குறிக்கப்பட்டவர்கள் 5,145 பேர். மருத்துவரிடம் செல்லுங்கள் என்று வீட்டு வாயிலில் வந்து சொல்லியும், சென்றவர்கள் 3,218 பேரே. ஏனையோர் ஏறத்தாழ இரண்டாயிரவர் செல்லவில்லை. எழுத்தறிவில் முதன்மை பெற்ற மாநிலத்தில் இது நிகழ்ந்தது! கண்டறிதல் பாதி வேலை. கண்டவரைக் கைப்பிடித்து மருத்துவமனை வாயில்வரை கொண்டு சேர்த்தல் மறுபாதி. இவ்விடத்தில்தான் சங்கம் போன்ற அமைப்புக்கு வேலை இருக்கின்றது என்று கருதுகின்றோம்.

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலும் 1977 முதல் மற்றோர் ஆய்வு நடந்தது. பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்தோர், புகையிலை பழகிய 12,000-க்கு மேற்பட்டோரைப் பத்தாண்டுகள் ஆண்டுதோறும் சந்தித்து, பழக்கத்தை விடுமாறு அறிவுறுத்தி, வாயையும் பார்த்து வந்தனர். விட்டவர்களிடம் புதிதாக வெண்படலம் தோன்றுவது வெகுவாகக் குறைந்தது. நாற்பதாண்டு மென்றவருக்கு இனி விட்டு என்ன பயன் என்று கேட்போருக்கு அந்த ஊரார் வாயே விடை.

நம் மாநிலத்தில் நடந்த பணி

புற்று என்றால் மரணம் என்று மருத்துவர்களே கைவிரித்த காலத்தில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் சகோதரியை இந்நோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைப் பொதுப்பணியாக மாற்றினார். அடையாற்றில் புற்றுநோய் நிலையத்துக்கு 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் அது தொடங்கியது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். அந்நாளில் அங்கு வந்த நோயாளிகளில் வாய்ப்புற்றோடு வந்தவர்கள் மிகப் பலர். அவர்களுள்ளும் முற்றிய நிலையினரே மிகுதி. கதிர்வீச்சோடு மருந்தையும் இணைத்துத் தரும் முறையை அவர்கள் முயன்றது அந்நெருக்கடியில்தான். டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் மறையும்வரை அந்நிலையத்தோடே வாழ்ந்தார்.

காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்ற அறிஞர் அண்ணா, உணவுக்குழாய்ப் புற்றினால் 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார் என்பதை நெசவாளர்க்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அவர் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கின்றது.

தொடக்க நிலையில் கண்ட வாய்ப்புற்றைச் சிறிய அறுவையினாலேயே பெரும்பாலும் அகற்றிவிடலாம். பத்தில் எட்டுப் பேர் வரை ஐந்தாண்டு கடந்தும் நலமாக வாழ்கின்றனர். பேச்சும் உணவும் பழையபடி. கழுத்துக்குப் பரவி, தாடையை அரித்த பின்னர் வருவோர்க்குத் தாடை எலும்பை எடுக்க நேரும். மார்பிலிருந்தோ காலிலிருந்தோ தசை எடுத்து ஒட்ட நேரும். பின்னர் ஆறேழு வாரம் கதிர்வீச்சு. அத்தனையும் தாங்கிய பின்னும் பாதிப் பேர்கூட ஐந்தாண்டைக் காண்பதில்லை. தறி நின்ற வீட்டில் அத்தனை மாதம் உலை கொதிப்பது எவ்வாறு என்பதை விளக்கத் தேவையில்லை.

சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தல் பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. கத்தி பட்டால் புற்று பரவும் என்பர். இது உண்மையன்று. இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, மிளகளவு துணுக்கு எடுப்பர். அரை மணியில் வீடு திரும்பலாம். அத்துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் புற்றா அன்றா என்பது உறுதிப்படும். பரவுவது கத்தியினால் அன்று, காத்திருந்ததனால். அதுபோலவே, புண்ணின்மேல் சுண்ணாம்பும் மஞ்சளும் தடவி மாதங்களைக் கழித்தலும், கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசிக்கொண்டிருத்தலும் தீங்கானவை. புற்று தொற்றுநோய் அன்று என்பதையும் சொல்லிவிடுவோம். நோயாளியின் தட்டையும் குவளையையும் ஒதுக்கி வைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

தாமே பார்க்கும் முறை

மாதம் ஒருமுறை, கூலி வாங்கும் நாளை ஒட்டி வைத்துக்கொண்டால் மறவாது. பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று வாயைக் கொப்பளித்து, கட்டுப்பல் இருப்பின் கழற்றிவிட வேண்டும். முதலில் உதடுகளை மேலும் கீழும் புரட்டிப் பார்க்கவும். பின்னர்க் கன்னத்தை விரலால் வெளிப்புறமாக இழுத்து உட்பக்கம் முழுவதையும், சிறப்பாகக் கீழ் ஈறோடு சேரும் மடிப்பையும் பார்க்கவும். எப்பக்கம் அடக்கும் வழக்கமோ அப்பக்கத்தை இருமுறை பார்க்கவும். நாக்கை நீட்டி, நுனியைத் துணியால் பிடித்து இருபக்க ஓரங்களைப் பார்த்த பின், நாக்கை மேலே தூக்கி அடிப்பாகத்தைக் காணவும். தலையைப் பின்னே சாய்த்து அண்ணத்தைப் பார்க்கவும். பார்த்த இடத்தையெல்லாம் விரலால் தடவவும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தடிப்பு விரலுக்குத் தெரியும். இறுதியாகத் தாடைக்கடியிலும் கழுத்தின் இருபுறமும் அழுத்திக் கட்டி உண்டா என அறியவும். முதுமையால் கண் மங்கியோர்க்கு மகனோ மருமகளோ பார்க்கலாம். இவையனைத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இது மருத்துவர் பார்ப்பதற்கு ஈடாகாது. அரசின் 2016-ஆம் ஆண்டு வழிமுறைப்படி, 30 வயது கடந்த ஒவ்வொருவரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் பயிற்சி பெற்றவரிடம் வாயைக் காட்ட வேண்டும். புகையிலையோ பாக்கோ பழகியவர் ஆண்டுதோறும் காட்டுவது நன்று.

அம்பத்தூரிலிருந்து எங்குச் செல்வது? நகர ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்ததால் அந்நிலையங்கள் மாநகராட்சியைச் சார்ந்தவை. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய பல் மருத்துவக் கல்லூரிகளில் புறநோயாளிகளைப் பார்க்கின்றனர். ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே அரசுப் பொது மருத்துவமனை. சற்றுத் தொலைவில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. சிகிச்சை தேவைப்படின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்க்கும் இடம் உண்டு. தொழிற்பேட்டையில் வேலை செய்து ஈ.எஸ்.ஐ. தவணை உரியபடி செலுத்திய உறுப்பினர் குடும்பத்தார், நீண்டகால நோய்ப் படியாகக் கூலியில் 80 விழுக்காட்டை இரண்டாண்டு வரை பெறலாம் என்பதை அறிந்திருக்க வேண்டும்; கேட்காமல் இழந்தோர் பலர். பழக்கத்தை விடத் துணை வேண்டுவோர் 1800-11-2356 என்னும் கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

சங்கக் கட்டடத்தில் வாய்ச்சோதனை நாள் ஒன்று வைக்க விரும்பும் கிளைகள், சுகாதார நிலையத்துக்கு முன்கூட்டியே எழுதி நாள் பெறவும். பதிவேட்டில் பெயருக்கு எதிரே எத்தனை ஆண்டுப் பழக்கம், எப்பக்கம் அடக்குவது என்பவற்றைக் குறிக்கவும். ஐயத்துக்குரியவர் எனக் குறிக்கப்பட்டவரோடு இயக்குநர் ஒருவர் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சென்றதைப் பதிவேட்டில் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். சோதனைக்கு வருவோர் அன்று காலை வெற்றிலை போடாமல் வரவும். கறை படிந்த வாயில் வெண்படலம் தெரியாது. பெண்டிர்க்குத் தனி நேரம் ஒதுக்குக. கூட்டத்தில் வாய் திறந்து காட்ட நம் வீட்டுப் பெண்கள் கூசுவர்.